எங்கள் இணையத்தளமும் சுகந்தியின் படமும்

போன மாதம் எங்கள் பழைய பணிமனைப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக ஓர் இணையத்தளம் செய்யப்போகிறார்களாம். எந்த நிறுவனத்திடம் தளத்துக்கு இடம் வாங்குவது, எந்தக் கருவியில் கட்டுவது என்று அவர்களுக்குள் பெரிய தர்க்கம். ஒருத்தி கைத்தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "இதில படத்தை இழுத்து விட்டாச் சரி அக்கா, பின்னேரத்துக்குள்ள பக்கம் வந்திடும்" என்றாள். வரட்டும், நல்லதுதானே. எழும்பும்போது, "முதல் தளத்தை நீங்கள்தானே செய்தனீங்கள், எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ, மலரில போடுவம்" என்று கேட்டார்கள். எழுதத் தெரியாது என்று தட்டிக்கழிக்க முடியாது. காலம் முழுவதும் மற்றவர்களின் எழுத்தைத் தட்டச்சுச் செய்து வயிறு வளர்த்தவள் நான். தனி ஆள் இருக்கும் வீட்டில் பொழுதும் போகவேண்டும். எழுதுகிறேன், ஆனால் அவர்கள் கேட்ட மாதிரி வருமோ தெரியாது.

என் தாய் தகப்பன் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து நெடுங்கேணிக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியபோது நான் சிறுமி. தட்டெழுத்துப் படித்தேன். சங்கக்கடையில் ஒரு வேலை, பிறகு இடம்பெயர்வு, இன்னோரிடத்தில் இன்னொரு வேலை, திரும்பவும் இடம்பெயர்வு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் இந்தியாவுக்குப் படகேறி அங்கே ஒரு முகாமில் குடும்பமாகிவிட்டான். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. பேசி வந்த இரண்டு இடத்திலும் 'தோட்டக்காட்டு ஆக்கள்' என்ற கதை வந்தது. அதோடு நானே போதும் என்று விட்டுவிட்டேன்.

சண்டை நின்று பாதை திறந்து வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில்தான் கிளிநொச்சியில் செயற்கைக் கால் செய்யும் பணிமனையில் எனக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. வன்னியில் அப்போது மிதிவெடியில் கால் இழந்தவர்களுக்குக் குறைவில்லை. விறகுக்குப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள், திரும்பிவந்து தங்கள் சொந்த வளவைத் துப்புரவாக்கியவர்கள். முன்பக்கத்தில் நீளக் கொட்டில். காலுக்கு அச்செடுப்பதும் வார்ப்பதும் பொருத்துவதும் அங்கே. பின்பக்கத்தில் ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஓர் அலுமாரி, ஒரு கதிரை, கதிரையில் நான். பிறகு ஒரு கணினியும் வந்தது. வவுனியாவில் சில சனிக்கிழமைகள் போய் அதைப் பழகிக்கொண்டேன்.

எங்கள் பொறுப்பாளரை எல்லோரும் டிரெக்டர் ஐயா என்போம். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. ஒரு முடிவு எடுக்கவேண்டுமென்றால் பழைய தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கட்டம் போடுவார். இடப்பக்கத்தில் கேள்விகள், மேலே பொருட்கள், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சரி அல்லது பிழை. நுளம்புத்திரி வாங்குவதற்கும் கட்டம்தான். வெளியே போகும் எதையும் எழுதியவர் ஒருதரம், எழுதாதவர் ஒருதரம் உரத்து வாசிக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். எனக்கு விசர் பிடிக்கும். அவசரக் கடிதத்தைக்கூட அந்த மனிதர் ஆறுதலாகத்தான் வாசிப்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அது அவருடையது மட்டுமல்ல, வன்னிச் சனம் எல்லாருடையதும். எதை எடுத்தாலும் அதில் பெயரும் ஊரும் எழுதுவது. கதிரையின் அடியில், கிடாரத்தின் விளிம்பில், குடத்தின் கழுத்தில், உழவு யந்திரப் பெட்டியில் எல்லாம் பெயிண்டால் பெயர், ஊர். இடம்பெயர்ந்து போய் ஒரே மரத்தடியில் பத்துக் குடும்பத்துச் சாமான் இறங்கினால் பிரித்தெடுக்கவேண்டுமே. டிரெக்டர் ஐயா அந்தப் பழக்கத்தைக் கணினிக்குள்ளும் கொண்டுவந்தார். பெயரும் ஊரும் இல்லாமல் ஒரு படமும் சேமிக்கப்படக்கூடாது, பெயரும் ஊரும் இல்லாமல் ஒரு படமும் காட்டப்படக்கூடாது.

வெளிநாட்டில் இருந்த எங்கள் ஆட்கள்தான் இணையத்தளம் வேண்டும் என்று நெருக்கினார்கள். றப்பரும் பிளாஸ்ரிக்கும் வாங்க உதவி சேர்க்கிறவர்கள் அவர்கள். கேட்கிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை என்று குறைப்பட்டார்கள். கிளிநொச்சியில் அப்போது செய்மதித் தட்டு வைத்த ஓரிரு பெரிய அலுவலகங்களில்தான் இணையம் இருந்தது. எங்களுக்கு வவுனியாதான் கதி. அங்கே பஸ் நிலையத்துக்குக் கிட்ட நசீர் ஒரு கணினிக் கடை வைத்திருந்தார். முல்லைத்தீவு ஆள். சிறுவனாக இருக்கும்போது, வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றிய நாட்களில் வீடு வாசலை அப்படியே விட்டுக் குடும்பத்தோடு வெளியேறிப் புத்தளத்தில் வளர்ந்து, பாதை திறந்ததும் வவுனியா வரைக்கும் திரும்பி வந்தவர். தேத்தண்ணி கொடுக்காமல் கதை தொடங்கமாட்டார்.

முதலில் இலவசமாக இடம் தரும் ஒரு நிறுவனத்தில் போட்டுப் பார்த்தோம். ஒரு சதமும் கேட்கமாட்டார்கள், தயார் நிலையில் பக்கங்கள் இருக்கும், எழுத்தை நிரப்பினால் சரி. டிரெக்டர் ஐயாவும் அன்றைக்கு வந்திருந்தார். எங்கள் பணிமனையின் பெயர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு சாளரம் துள்ளிக்கொண்டு வந்தது. அதில் அரைகுறை உடுப்போடு ஒரு பெண். நசீர் பதறி மவுஸைத் தேட, டிரெக்டர் ஐயா தோளில் கிடந்த துவாயை எடுத்துத் திரையை மூடினார். மூடிவிட்டு என்னைப் பார்த்து, "பிள்ளை, உதுக்குப் பிழை போடு" என்றார். நானும் நசீரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது வழி சுவிஸில் இருந்து வந்தது. அங்கே எங்களுக்காக உதவி சேர்த்த ஒருவர் இருந்தார். நாங்கள் சுவிஸ் அண்ணர் என்போம். தன்னிடம் இடம் இருக்கிறது, நல்ல கருவி இருக்கிறது, நீங்கள் படமும் கதையும் அனுப்பினால் மிச்சத்தைத் தான் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். எனக்குப் பெரிய ஆறுதல். மூன்றாவது வழி நசீர். அமெரிக்காவில் உள்ள ஒரு சேர்வரில் ஒரு துண்டு இடம், வருடத்துக்கொருமுறை கட்டணம். வங்கி அட்டை எங்களிடம் இல்லாதபடியால் சவூதியில் இருக்கும் தன் மச்சான் கட்டுவார், நாங்கள் நசீரிடம் ரூபாயாகக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்தை நாங்களே கட்டவேண்டும்.

டிரெக்டர் ஐயா கடை மேசையிலேயே கட்டம் போட்டார். செலவு, தமிழ் தெரியுமா, ஆர் கட்டுவது, மின்சாரம் நின்றால் என்ன நடக்கும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி எழுதினார்: போட்டதை எடுக்கலாமா?

"ஏன் ஐயா எடுக்கிறது? போடத்தானே அலையிறம்" என்று நான் கேட்டேன்.

"போடுறது லேசு பிள்ளை. நாளைக்கு ஒருத்தர் வந்து என்ர படத்தை எடு எண்டு சொன்னால், அண்டைக்கே எடுக்க எங்களுக்கு ஏலுமோ? அதைத்தான் கேக்கிறன்."

அதே கேள்வியைச் சுவிஸுக்கும் எழுதச் சொன்னார். இரண்டு தரம் வாசித்து அனுப்பினோம். வந்த பதிலில், ஏன் எடுக்கவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தது. டிரெக்டர் ஐயா பென்சிலால் அந்தப் பெட்டிக்குள் பிழை போட்டார். நசீர் மட்டும், "கடவுச்சொல் உங்கட கையில. நினைச்ச நேரம் போடலாம், நினைச்ச நேரம் அழிக்கலாம். நான்கூட இடையில இல்லை" என்றார். நசீருக்குச் சரி விழுந்தது. பெயரும் ஊரும் போடும் சட்டத்தை அவருக்கு விளங்கப்படுத்தியபோது நசீர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "எங்கட வீட்டுக் கதிரையளிலயும் பேர் இருந்ததுதான் ஐயா" என்றார். டிரெக்டர் ஐயா பென்சிலைக் கீழே வைத்தார்.

கட்டும் கருவிக்கு நான் பட்ட பாடு வேறு. தயார் நிலைப் பக்கங்களில் எங்கள் எழுத்து உடைந்து பூச்சி பூச்சியாக வந்தது. எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள் என்று பக்கத்தில் எழுதினால், அந்த வசனமே பார்க்கிறவர்களுக்குப் பூச்சியாகத்தான் தெரியும். கடைசியில் நசீர் காட்டித் தந்தபடி நோட்பாட் என்ற வெறும் எழுத்துப் பலகையில் கட்டளைகளை ஒவ்வொன்றாக நானே அடித்தேன். தமிழ்ப் பந்திகளைப் படமாக்கி ஒட்டினேன். ஒரு கால்புள்ளி மாற்றவேண்டுமென்றாலும் அந்தப் படத்தை முதலிலிருந்து செய்யவேண்டும். கிளிநொச்சியில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் கட்டி, சிடியில் எழுதி, பையில் வைத்து ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டுவேன். அங்கே ஒவ்வொருமுறையும் அந்தச் சிடியில் என்ன என்று கேட்பார்கள். கால் என்பேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விடுவார்கள்.

தளம் திறந்த நாளில் எனக்குத்தான் பெருமை. வாடகை அறைக்குத் திரும்பி அதை யாருக்குச் சொல்வது என்று யோசித்தேன். வீட்டுக்கார அம்மாவுக்குச் சொன்னேன். "சரி, நல்லது. கிணத்தடி லைற்றை அணைக்காமல் விட்டிட்டுப் போட்டீர்" என்றா.

சுகந்தி விசுவமடுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. தோட்டக் கரையில் விறகு பொறுக்கப்போய் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். பொருத்தும் நாளன்று பள்ளிக்கூடத்தால் நேரே, வெள்ளைச் சட்டையோடு தாயோடு வந்தாள். தாய் பூமணி, தோட்டம் செய்கிற மனுசி, அதிகம் கதைக்கமாட்டா. புதுக் காலுக்கு எங்கள் ஆள் அவசரத்தில் இடது செருப்பை மாட்டிவிட்டார். இரண்டு காலும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அவள் சிரித்த சிரிப்பில் கொட்டிலே திரும்பிப் பார்த்தது. செருப்பை மாற்றக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்த நேரம் நான் படம் எடுத்தேன். தளத்தில் போடுவோமா என்று டிரெக்டர் ஐயா தாயையும் மகளையும் கேட்டார், போடப்போகும் எழுத்தை இரண்டு தரம் வாசித்தும் காட்டினார். ஓம் என்றார்கள். முதல் பக்கத்திலேயே அந்தப் படத்தை வைத்தேன். கீழே அவள் பெயர், விசுவமடு.

பக்கம் திறந்த பிறகு உதவி கூடியது. சுவிஸ் அண்ணரும் அந்தப் படத்தை எடுத்துத் தன்னுடைய பக்கத்திலும் போட்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

ஓரிரு வருடம் போயிருக்கும். ஒருநாள் காலையில் சேலை உடுத்த ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். நடையில் ஒன்றும் தெரியவில்லை. சுகந்தி என்று அடையாளம் பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முன்பள்ளி ரீச்சராகி இருந்தாள்.

"இருங்கோ ரீச்சர்" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தப் படத்தை எடுத்து விடுங்கோ."

வெளிநாட்டில் இருந்து ஒரு குடும்பம் வந்ததாம். பெயரையும் ஊரையும் வைத்து விசாரித்து நேரே முன்பள்ளிக்கே வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நடுவில், "நீர்தானே இன்ரநெற்றில இருக்கிற கால் பிள்ளை?" என்று கேட்டுக் கட்டிப்பிடித்துப் படமும் எடுத்தார்களாம்.

"என்ர பிள்ளையளுக்கு அதுவரைக்கும் தெரியாதக்கா. ஒருத்தருக்கும் தெரியாது. அண்டையில இருந்து ஒவ்வொண்டும் சேலையைத் தூக்கிக் காட்டச் சொல்லுதுகள். சின்னனுகள், அதுகளில பிழை இல்லை. வந்த ஆக்களும் அன்பாத்தான் வந்தவை. ஆனா நான் அங்க கால் இல்லாத பிள்ளையா மட்டும்தானே இருக்கிறன். கொம்பியூட்டரிலயும் வேண்டாம், சிடியிலயும் வேண்டாம். ஒரு இடத்திலயும் வேண்டாம்."

டிரெக்டர் ஐயா எழும்பி வந்து கேட்டுக்கொண்டு நின்றார். "எடுக்கிறம் பிள்ளை" என்றார். அன்றைக்கே சுவிஸுக்கும் எழுதினோம். அடுத்த கிழமை பதில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சனம் தருகிறது, அதை எடுத்தால் வருகிற வருடத்துப் பொருட்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று இருந்தது. மரியாதையான கடிதம்தான்.

அன்று பின்னேரம் நான் டிரெக்டர் ஐயாவோடு சண்டை பிடித்தேன். வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவரோடு நான் பிடித்த ஒரே சண்டை அது.

"ஐயா, எங்கட தளத்தில எடுப்பம். சுவிஸில கிடக்கட்டும். இஞ்ச ஆக்கள் கால் இல்லாமல் காத்திருக்கினம். அவைக்கு என்ன சொல்லுறது?"

"பொருள் வரப் பிந்தும் எண்டு சொல்லுவம்."

"சொல்லுறது லேசு. வாசலில வந்து அழுகிற முகத்தைப் பாக்கிறது நான்."

அவர் கட்டம் போடத் தாளைத் திருப்பினார். அடிமட்டத்தை வைத்தார். பிறகு கோடு கீறாமலே எடுத்துவிட்டார். "உதுக்குக் கட்டம் தேவையில்லை பிள்ளை. எடு எண்டு அவள் சொன்னால் எடுக்கவேணும். இல்லாட்டி நாங்கள் அவளிட்டக் கேட்டது பொய். ரெண்டு தரம் வாசிச்சதும் பொய்."

மறுநாள் தொலைத்தொடர்பு நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று சுவிஸுக்கு எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். "உங்கட உதவி பெரிசு தம்பி, மறக்கமாட்டம். ஆனால் படம் இருந்தால் உதவி வேண்டாம்" என்று அதே தணிந்த குரலில் சொன்னார். சுவிஸ் அண்ணர் படத்தை எடுத்துவிட்டார். சொன்னபடி உதவியும் நின்றது. அந்த மழைக்காலம் முழுவதும் கொட்டிலில் வேலை குறைவு. கால் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவள் நான். டிரெக்டர் ஐயா மேல் எனக்கு இருந்த கோபம் ஆற மாதங்கள் எடுத்தன. அவர் செய்தது சரி என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

எங்கள் தளத்தில் அழிக்க சுகந்தி தானும் வரவேண்டும் என்றாள். இரண்டு பேருமாக வவுனியாவுக்குப் பஸ் ஏறினோம். நசீர் பக்கத்தைத் திறந்து படத்தைத் தெரிவு செய்து காட்டினார். "அழுத்தினால் திரும்பி வராது தங்கச்சி. என்னட்ட வேற பிரதி இல்லை" என்றார். அவள் தன் விரலால் அழுத்தினாள். பணிமனைக் கணினியில் இருந்ததை ஏற்கெனவே அவள் பார்க்க நான் அழித்திருந்தேன். பையில் கொண்டுபோயிருந்த அந்தப் படத்தின் சிடியையும் கொடுத்தேன். அவள் அதைக் கடைப் படியில் வைத்து வளைத்து உடைத்தாள். உடைந்ததும்தான் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

பிறகு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கொத்துரொட்டி வேண்டும் என்றாள். தன் முன்பள்ளியில் எந்தப் பிள்ளை அழும், எது கடிக்கும், எது நித்திரையில் கதைக்கும் என்று கதையோ கதை. பரிமாறியவர் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு, "தாயும் மகளுமோ?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுக்க முதல் அவள், "ஓம்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். என் தட்டில் இருந்ததில் பாதியை அவள் தட்டுக்குத் தள்ளினேன். என் வேலைக் காலத்தில் எனக்குச் சந்தோசமான நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை மூடியது. பாஸ் எடுத்து அவ்வப்போது வவுனியாவுக்கு வரலாம், அதுவும் குறைந்துகொண்டே போனது. இணையத்தள இடத்துக்கான வருடக் கட்டணம் கட்ட நாள் நெருங்கியபோது டிரெக்டர் ஐயா என்னைத்தான் அனுப்பினார். "கட்டிப்போட்டு உடன வா பிள்ளை" என்றார். கட்டினேன். உடனே திரும்பிப் போக முடியவில்லை. பிறகு போகவே முடியவில்லை. கிளிநொச்சியிலிருந்து சனம் கிழக்கே நகரத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பணிமனையோடு இருந்த தொடர்பும் அறுந்தது. டிரெக்டர் ஐயா வழியில் நெஞ்சு வலி வந்து, மருந்து கிடைக்காமல் போய்விட்டார் என்பதை அதன் பிறகு வெகுகாலம் கழித்துத்தான் ஒருவர் சொன்னார்.

நசீரின் மனைவி கடைக்குப் பின்னால் இருந்த அறையை எனக்குத் துப்புரவாக்கித் தந்தா. பகலில் கடையில் இருந்து எங்கள் தளத்தைத் திறந்து பார்ப்பேன். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அனுப்புவதற்கு ஆட்களும் இல்லை. பார்க்கிறவள் நான் ஒருத்திதான் என்றும் நினைப்பேன். இருந்தும் திறப்பேன், ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன், பெயரையும் ஊரையும் வாசிப்பேன், மூடுவேன். அந்த மாதங்களை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது.

சண்டை முடிந்து சனம் வவுனியாவுக்கு அப்பால் முகாம்களில் இருந்தபோது பணிமனையும் வவுனியாவில் ஒரு வாடகை வீட்டில் திரும்பத் தொடங்கியது. முகாமிலிருந்து பழைய கால் உடைந்தவர்களும் புதிதாகக் கால் இழந்தவர்களும் பஸ்ஸில் கொண்டுவரப்பட்டார்கள். அப்போதுதான் ஒரு விசயம் தெரிந்தது. அந்தச் சனத்திடம் ஒரு படமும் இல்லை. கலியாணப் படம், பள்ளிக்கூடப் படம், அடையாள அட்டை, அல்பம் எல்லாம் வழியில் போய்விட்டன. கணினிகளும் போயின. தப்பியது அமெரிக்காவில் எங்கோ கிடந்த எங்கள் தளம் ஒன்றுதான். யாரோ ஒருவர் தன் தகப்பனின் முகத்தை அதில் கண்டு அழ, நசீர் அதை எடுத்து அச்சடித்துக் கொடுத்தார். கதை பரவியது. செத்தவர்களுக்குத் திவசத்தில் வைக்கப் படம் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெயரும் ஊரும் இருந்தபடியால் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. கால் தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுப்போம். கையில் வாங்கியவர்கள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் பூமணி அம்மா வந்தா. மெலிந்து போயிருந்தா. வாசலில் என்னைக் கண்டதும் நின்றா. சுகந்தி எங்கே என்று நான் கேட்கவில்லை. தனியாக நின்றதிலேயே விளங்கிவிட்டது.

"கடற்கரையில பிள்ளை" என்றா. "ஷெல் விழ எல்லாரும் ஓடேக்க அவளும் ஓடினவள். நீங்கள் தந்த காலோட நல்லாத்தான் ஓடினவள்."

கதிரையில் இருத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கேட்டா:

"உங்களிட்டப் படம் இருக்குதெண்டு சனம் சொல்லுது. என்னட்ட ஒண்டும் இல்லை. அவளின்ர அடையாள அட்டையும் அவளோடயே போட்டுது. அந்தக் கால் கழட்டி வைச்ச படம் எண்டாலும் பரவாயில்லை. அதைத் தாங்கோ."

இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் எழும்பி நசீரின் கடைக்குக் கூட்டிப்போனேன். நசீர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தளத்தைத் திறந்தார். அவருடைய கணினிகள், பழைய தட்டுகள், எல்லாவற்றிலும் அவள் பெயரைப் போட்டுத் தேடினார். சுவிஸுக்கும் எடுத்தோம். சுவிஸ் அண்ணர் வேலையை விட்டுவிட்டுப் பழைய பெட்டியெல்லாம் கிளறிப் பார்த்ததாகச் சொல்லித் தொலைபேசியில் அழுதார். ஒருவரிடமும் இல்லை. முன்பள்ளிக்கு வந்து அவளோடு படம் எடுத்த குடும்பம் எது என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. எடுக்கச் சொன்னோம், எல்லோரும் சுத்தமாக எடுத்திருந்தார்கள்.

திரும்பி என் அறைக்கு வந்து பூமணி அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவளே வந்து கேட்டதையும், அவளே அழுத்தியதையும் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டு இருந்தா.

"அவள் சொன்னவள் எனக்கு. வவுனியாவுக்குப் போய் அழிச்சிட்டு வந்து ஒரே சந்தோசம். தெரிஞ்சும், எங்கயாவது ஒண்டு தப்பிக் கிடக்குமோ எண்டுதான் வந்தனான். நான் உங்களைக் குறை சொல்லேல்லை பிள்ளை" என்றா. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "முகம் மறக்குது எனக்கு. ராவில நினைச்சுப் பாக்கிறன், வருகுதில்லை. வாற முகம் கடைசியாப் பாத்த முகம். அது வேண்டாம்" என்றா.

அந்தப் படத்தை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஓரம் வெட்டினவள் நான், வெளிச்சம் கூட்டினவள் நான், சிறிதாக்கினவள் நான். ஒரு வாங்கை இழுத்து அவவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன்.

"வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறா" என்று தொடங்கினேன். "இரட்டைப் பின்னல். இடப்பக்கத்து றிபன் கழண்டு தோளில விழுந்து கிடக்குது. நெத்தியில சின்னனா ஒரு திருநீற்றுக் கீறு, வேர்வையில பாதி அழிஞ்சு போச்சுது. வலது கையால வாயைப் பொத்தப் பாக்கிறா, ஆனா பொத்தேல்லை, சிரிப்பு வெளியால வந்திட்டுது. முன் பல்லு ரெண்டும் தெரியுது. கண் என்னைப் பாக்கேல்லை. எனக்குப் பின்னால நிண்ட ஆரையோ பாக்குது."

"நான்தான் நிண்டனான்" என்றா பூமணி அம்மா. "உங்களுக்குப் பின்னால நான்தான் நிண்டனான். செருப்பைப் பாரணை எண்டு எனக்குத்தான் காட்டினவள்."

கண்ணை மூடிக்கொண்டா. வெளியே முகாமுக்குத் திரும்பிப் போகும் பஸ் கோர்ன் அடித்தது. அவ அசையவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றா.

வெள்ளைச் சட்டையிலிருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினேன்.